பொத்தானுக்குள் ஒரு விளக்கு: அது சொல்வது மெய்யா?

பொத்தான் அழுத்துவதற்கு, விளக்கு பார்ப்பதற்கு. இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்த ஒளிப் பொத்தான் இன்று எங்கும் காணக் கிடைக்கிறது. மின்தூக்கியில் மாடி எண்ணைத் தொட்டவுடன் அந்த எண் ஒளிர்கிறது. வணிக வளாகங்களில், காசு செலுத்தி ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளின் முன்பலகையில் வரிசையாகப் பொத்தான்கள் மின்னுகின்றன. எல்.இ.டி. என்று சுருக்கமாக வழங்கப்படும் ஒளி உமிழும் டையோடு சில ரூபாய்க்கே கிடைப்பதால், விளக்கு இல்லாத சாதாரணப் பொத்தானுக்குள்ளும் அதைப் பொருத்திவிடுவது மாணவர்கள் பலருக்கு விருப்பமான கைவேலையாகிவிட்டது. 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளைக் கொண்டு விளையாட்டுப் பெட்டி செய்து, கல்லூரிக் கண்காட்சியில் வைப்போரும் உள்ளனர்.

விளக்கை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் குறிப்புகள் ஏராளம். எதற்காகப் பொருத்துவது என்று கேட்போர் குறைவு. எரியும் விளக்கு வெறும் அலங்காரம் அன்று. அது ஒரு செய்தி. ‘ஆயிற்று’, ‘தயார்’, ‘மின்சாரம் இருக்கிறது’ என்று ஏதோ ஒன்றை அது நமக்குச் சொல்கிறது. நாமும் அதை நம்பிச் செயல்படுகிறோம். ஆகவே ஓர் ஒளிப் பொத்தானின் தரத்தை மதிப்பிட விரும்பினால், அது எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்று பார்த்தால் போதாது. அது எப்போது எரிகிறது, எதைக் கேட்டு எரிகிறது என்ற இரு கேள்விகளைக் கேட்க வேண்டும். விளையாட்டுப் பலகை, வாக்குப்பதிவு இயந்திரம், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் ஆகிய மூன்றையும் இந்த அளவுகோலால் இங்கே அளந்து பார்ப்போம்.

சிறு விளக்கின் இயல்பு

எல்.இ.டி. என்பது குறைகடத்தியால் ஆன டையோடு. அதன் சந்தியில் எலெக்ட்ரானும் துளையும் இணையும்போது வெளிப்படும் ஆற்றல், ஒளியாக வருகிறது. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி.யை 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். பிரகாசமான நீல எல்.இ.டி. கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர்.

நிறத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை எளிய கணக்கால் அறியலாம். 1240 என்ற எண்ணை, நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், ஒளித்துகளின் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 650 நானோமீட்டர் சிவப்புக்கு இது 1.9, 460 நானோமீட்டர் நீலத்துக்கு 2.7. அதனால்தான் சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதுமானதாக இருக்க, நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுகிறது.

இந்த அளவைத் தாண்டி மின்னழுத்தம் சிறிது உயர்ந்தாலும் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகும். எனவே தொடராக ஒரு மின்தடை அவசியம். 5 வோல்ட் மூலத்தில் சிவப்பு எல்.இ.டி.யை 220 ஓம் மின்தடையுடன் இணைத்தால், மீதமுள்ள 3 வோல்ட்டை 220-ஆல் வகுக்க, 13.6 மில்லி ஆம்பியர் பாயும். அது கண்ணுக்குப் போதுமான ஒளி. எல்.இ.டி. மிகச் சிறிய மின்னோட்டத்திலும் ஒளிரக் கூடியது என்பதையும் இங்கேயே மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். இந்தச் சிறப்பே ஓரிடத்தில் குறையாக மாறுவதைப் பின்னர்க் காண்போம்.

விளையாட்டுப் பலகை

சாதாரண விளையாட்டுப் பொத்தானின் அமைப்பு எளியது. 28 முதல் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் அமரும் பிளாஸ்டிக் கூடு, விரல் படும் தலைப்பகுதி, அதை மேலே தள்ளும் சுருள்வில், அடியில் ஒரு மைக்ரோ சுவிட்சு. சுவிட்சில் மூன்று முனைகள் உள்ளன. பொத்தானை அழுத்தினால் பொது முனையும், வழக்கமாகத் திறந்திருக்கும் முனையும் ஒன்று சேரும். கணினியுடன் இணைந்த சுற்றுப்பலகை இதைக் கண்டு ‘அழுத்தப்பட்டது’ என்று அறிந்துகொள்கிறது. தலைப்பகுதியை ஒளி புகும் பிளாஸ்டிக்கில் அமைத்து, உள்ளே எல்.இ.டி.யை வைத்தால் ஒளிப் பொத்தான் ஆயிற்று. ஆனால் அந்த எல்.இ.டி.க்கு மின்சாரத்தை எங்கிருந்து கொடுப்பது? இதற்கு மூன்று வழிகள் உள்ளன. மூன்றும் ஒன்றல்ல.

முதல் வழி, விளக்கை நேரே மின்மூலத்துடன் இணைத்து எப்போதும் எரியவிடுவது. இருண்ட கூடத்தில் பொத்தான் இருக்கும் இடம் தெரியும். அந்த அளவில் பயன் உண்டு. ஆனால் 16 பொத்தான்கள் இருந்தால் 16 விளக்குகளும் ‘மின்சாரம் இருக்கிறது’ என்ற ஒரே செய்தியையே சொல்கின்றன. அதற்கு ஒரு விளக்கு போதும்.

இரண்டாவது வழி, விளக்கையும் அதே மைக்ரோ சுவிட்சின் வழியே இணைத்து, அழுத்தும்போது மட்டும் எரியச் செய்வது. பலரும் விரும்பும் முறை இதுவே. குறை மிகுந்ததும் இதுவே. அழுத்தும் கணத்தில் பொத்தானை விரல் மூடியிருக்கிறது. விரலுக்கு அடியில் எரியும் விளக்கு யாருக்குப் பயன்படும்? பொத்தான் இறங்கியதைச் சுவிட்சின் ‘டிக்’ ஒலியே சொல்லிவிட்டது. மேலும், இந்த விளக்குக்குத் தெரிந்தது சுவிட்சின் நிலை மட்டுமே. விளக்கின் மின்மூலத்தை விட்டுவிட்டு, கணினிக்குச் செல்லும் கம்பியை மட்டும் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரியும்; விளையாட்டில் எதுவும் நடக்காது. கணினி கேட்காத சொல்லை, கேட்டுவிட்டதாக விளக்கு சொல்கிறது.

இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. கடைகளில் கிடைக்கும் ஒளிப் பொத்தான்கள் பலவற்றில் உள்ளது 12 வோல்ட்டுக்கான எல்.இ.டி. அதனுள் மின்தடை ஏற்கெனவே இருக்கும். அதை 680 ஓம் என்று கொள்வோம். அதன் ஒரு முனையை 12 வோல்ட்டிலும், மறுமுனையை 5 வோல்ட் சுற்றுப்பலகையின் உள்ளீட்டு முனையோடு சேர்ந்த சுவிட்சிலும் இணைத்தால், சுவிட்சு திறந்திருக்கும்போது 12 வோல்ட் எல்.இ.டி. வழியாகச் சில்லுக்குள் நுழையப் பார்க்கும். எல்.இ.டி.க்கு 2 வோல்ட், சில்லின் உள்ளே இருக்கும் காப்பு டையோடு நிற்கும் நிலை ஏறத்தாழ 5.5 வோல்ட் எனக் கழித்தால் மீதி 4.5 வோல்ட். அதை 680-ஆல் வகுக்க, 6.6 மில்லி ஆம்பியர். காப்பு டையோடு இவ்வளவு மின்னோட்டத்தைத் தொடர்ந்து சுமக்க அமைக்கப்பட்டதன்று. அழுத்தாதபோதும் விளக்கு மங்கலாக எரிந்தால், சில்லு துன்பப்படுகிறது என்று பொருள்.

மூன்றாவது வழி, கணினி ஆணையிட்டால் மட்டுமே விளக்கு எரியுமாறு தனிக் கம்பியில் இணைப்பது. சுவிட்சு கணினியிடம் சொல்கிறது. கணினி விளக்கின் மூலம் மறுமொழி சொல்கிறது. இது புதுமை அன்று. அட்டாரி நிறுவனம் 1979-இல் வெளியிட்ட ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ விளையாட்டிலேயே, ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தான்களில் எல்.இ.டி. இருந்தது. காசு விழுந்து, ஆடத் தகுதி வந்த பிறகே இயந்திரம் அதை மின்னச் செய்தது. ‘இப்போது என்னை அழுத்தலாம்’ என்று, அழுத்துவதற்கு முன்பே, விரல் மறைக்காத நேரத்தில் சொன்ன விளக்கு அது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த பல வண்ண விளக்குப் பலகைகள் சொல்வது இதைவிடக் குறைவு.

இவ்வழியில் உழைப்புச் சற்று அதிகம். அர்டுயினோ ஊனோ போன்ற பலகையில் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது நல்லது; சில்லு முழுவதற்கும் உச்ச வரம்பு 200. ஆனால் 16 விளக்குகளுக்கு 13.6 வீதம் ஏறத்தாழ 218 மில்லி ஆம்பியர் வேண்டும். எனவே விளக்குகளை டிரான்சிஸ்டர்கள் மூலம் இயக்க வேண்டும். அதற்குரிய பலனும் உண்டு. இரண்டு பொத்தான்கள் மட்டும் வேண்டிய ஆட்டத்தில் அவ்விரண்டு மட்டுமே எரியும். முதன்முதலாக ஆட வரும் சிறுவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாக்குப்பதிவு இயந்திரம்

விளையாட்டில் விளக்கு தவறாகச் சொன்னால் போவது ஓர் ஆட்டம். இதைவிடப் பெரிய பொறுப்பைச் சுமக்கும் பொத்தானும் விளக்கும் நம் எல்லோருக்கும் பழக்கமானவை. 1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்ட மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் வந்தது. மேட்டூர் தொகுதியைச் சேர்ந்த மேச்சேரியில், வீடியோ விளையாட்டுப் பெட்டியைத் தொட்டிராத பாட்டிக்கும் இந்த நீலப் பொத்தானும் அதன் சிவப்பு விளக்கும் தெரியும்.

நம் முதற் கேள்வியைக் கேட்போம். விளக்குகள் எப்போது எரிகின்றன? வாக்குச்சாவடி அலுவலர் கட்டுப்பாட்டு அலகில் ஒரு பொத்தானை அழுத்தியதும், வாக்களிக்கும் அலகில் ‘தயார்’ என்பதைக் குறிக்கும் பச்சை விளக்கு எரிகிறது. வாக்காளர் நீலப் பொத்தானை அழுத்தினால், அவர் தேர்ந்தெடுத்த சின்னத்துக்கு நேரே சிவப்பு விளக்கு எரிகிறது. பின் ‘பீப்’ ஒலி கேட்கிறது. அலுவலர் மறுபடி அனுமதிக்கும் வரை, எத்தனை முறை அழுத்தினாலும் இன்னொரு வாக்குப் பதிவாகாது. அழுத்துவதற்கு முன் ஓர் அழைப்பு, பின் ஒரு மறுமொழி. விளையாட்டுப் பலகையில் நாம் போற்றிய மூன்றாவது வழியின் ஒழுங்கு இங்கே முழுமையாக உள்ளது.

இன்னொரு நயமும் பாராட்டத்தக்கது. விளக்கு பொத்தானுக்குள் இல்லை. பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விரல் அதை மறைப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலை எடுக்காமலே தம் சின்னத்துக்கு நேரே விளக்கு எரிவதைப் பார்க்கலாம். பார்வையற்றோருக்காகப் பொத்தான்களின் அருகே பிரெய்ல் எண்கள் உள்ளன. இயந்திரம் மின்கலத்தில் இயங்குவதால், மின்சாரம் எட்டாத மலையூரிலும் வேலை செய்யும். சிறு மின்னோட்டத்தில் ஒளிரும் எல்.இ.டி.க்கு இது ஏற்ற இடம்.

குறை இல்லையா? நிறங்களைப் பற்றி ஒன்று சொல்லலாம். சாலையில் சிவப்பு ‘நில்’ என்பதற்கு அடையாளம். இங்கோ அதுவே ‘முடிந்தது’ என்பதற்கு அடையாளம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் உள்ளனர். ஆனால் இங்கே செய்தியைச் சுமப்பது நிறம் மட்டுமன்று. விளக்கு இருக்கும் இடமும் சேர்ந்தே சுமக்கிறது. எனவே இது சிறு குறையே.

இரண்டாவது கேள்விதான் ஆழமானது. அந்தச் சிவப்பு விளக்கு எதைக் கேட்டு எரிகிறது? அதை எரியவிடுவது இயந்திரம். வாக்கை நினைவகத்தில் எழுதுவதும் இயந்திரம். ஒருவர் தாமே செய்த வேலைக்குத் தாமே சாட்சி சொல்வது போன்றது இது. வேலை சரியாகவே நடந்திருக்கலாம்; ஆயினும் விளக்கு மட்டும் அதற்குத் தனிச் சான்று ஆகாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 8 அன்று அளித்த தீர்ப்பில், நேர்மையான தேர்தலுக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது என்று கூறியது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் விவிபாட் எனப்படும் ஒப்புகைச் சீட்டுக் கருவி வைக்கப்பட்டது. வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சிட்ட சீட்டு, கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடிகள் தெரிந்து, பிறகு பெட்டிக்குள் விழுகிறது. விளக்கு அணைந்தபின் அதன் சொல் மறைந்துவிடும். சீட்டை மறுநாளும் கையில் எடுத்து எண்ணலாம். ஒரு விளக்கால் எவ்வளவு சொல்ல முடியும், எவ்வளவு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

கிணற்று மோட்டார்

இனி மூன்றாவது பலகை. மேச்சேரியைச் சுற்றியுள்ள மேட்டுநிலங்களில் மேட்டூர் அணை அருகிலிருந்தும், பல வயல்களுக்குக் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே கதி. மோட்டார் அறையின் சுவரில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். மேலே சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று விளக்குகள். மும்முனை மின்சாரத்தின் மூன்று பேஸ்களும் வந்துவிட்டனவா என்று காட்டுவது இவ்விளக்குகளின் வேலை. மூன்றும் எரிவதைப் பார்த்த பிறகே விவசாயி பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். அவ்வகையில் பொத்தானும் விளக்கும் சேர்ந்த பலகைதான் இதுவும். அண்மைக் காலத்தில் இங்கும் எல்.இ.டி. விளக்குகள் இடம் பிடித்துவிட்டன. விலை குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் அவை சொல்வது எப்போதும் மெய்யா?

மின்கம்பத்திலிருந்து மோட்டார் அறைக்கு 100 மீட்டர் கேபிள் செல்வதாகக் கொள்வோம். ஒரு பேஸ் கம்பத்திலேயே அறுபட்டுவிட்டது. ஆயினும் செத்த கம்பி, உயிருள்ள கம்பிகளோடு ஒட்டியே ஓடுகிறது. இரு கம்பிகளும் நடுவில் காப்புப் பொருளும் சேர்ந்தால் அது ஒரு மின்தேக்கி. மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் எனக் கொண்டால், 100 மீட்டருக்கு 10 நானோ ஃபாரட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அதன் எதிர்ப்பு ஏறத்தாழ 3,18,000 ஓம். 230 வோல்ட்டை இதனால் வகுத்தால் 0.7 மில்லி ஆம்பியர் வரை கசியலாம். பழைய 15 வாட் குண்டு பல்பு எரிய 65 மில்லி ஆம்பியர் வேண்டும். இந்தக் கசிவை அது பொருட்படுத்தாது. எல்.இ.டி.யோ இதற்கே மினுக்கென்று எரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் மூன்று விளக்குகளும் எரிவதாகவே கண்ணுக்குத் தோன்றலாம். இரண்டு பேஸ்களில் மோட்டார் புறப்படாது. உறுமிக்கொண்டு, மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் போனால் நிலைமை இன்னும் மோசம். சுழலும் மோட்டார், செத்த முனையில் தானே மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அது வழக்கமான அளவுக்கு ஏறத்தாழ நெருங்கியிருக்கும். அந்த மின்னழுத்தத்தால் மூன்றாவது விளக்கும் தொடர்ந்து எரியும். இதற்கிடையில் மற்ற இரு கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது 3 மடங்கு. மிகைச்சுமையைத் துண்டிக்கும் ரிலே சரியான அளவில் வைக்கப்படாவிட்டால் சுருள் கருகும். மூன்று விளக்குகளும் எரியும் பலகைக்கு முன்னால், மோட்டார் எரிந்துகொண்டிருக்கும்! அதை மேலே தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்குவதற்குள் பயிர் வாடிவிடும்.

இங்கே குற்றம் எல்.இ.டி.யினுடையதன்று. ‘மின்னழுத்தம் சிறிதேனும் இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு அது சரியாகவே விடை சொல்கிறது. விவசாயி கேட்பதோ, ‘மோட்டாரை ஓட்டும் அளவுக்கு மூன்று பேஸும் வருகின்றனவா?’ என்று. கேள்வி ஒன்று, விடை வேறொன்றுக்கு. இதற்குத் தீர்வு இருக்கிறது. குறைந்த மின்னழுத்தத்தில் எரியாதபடி அமைக்கப்பட்ட எல்.இ.டி. சுட்டு விளக்குகள் கிடைக்கின்றன. கசிவால் வரும் போலி ஒளியை அவை காட்டா. ஆனால் ஓடும் மோட்டாரே உண்டாக்கும் மின்னழுத்தத்தை எந்த விளக்காலும் பிரித்தறிய முடியாது. மூன்று பேஸ்களிலும் பாயும் மின்னோட்டத்தை ஒப்பிட்டு, ஒன்று குறைந்தவுடன் மோட்டாரைத் தானே நிறுத்தும் பாதுகாப்புக் கருவியே அதற்கு வேண்டும். இவ்வேலைகளைத் தேர்ந்த மின்பணியாளரே செய்ய வேண்டும்; 230 வோல்ட்டில் மாணவர்கள் சோதனை செய்தலாகாது.

மாணவர்களுக்கு

மூன்று பலகைகளையும் பார்த்தோம். வாக்குப்பதிவு இயந்திரத்தின் விளக்கு தன் நேரத்தையும் இடத்தையும் அறிந்து எரிகிறது. தன் எல்லையைத் தாண்டிய பொறுப்பைச் சீட்டிடம் ஒப்படைத்துவிட்டது. ஸ்டார்ட்டர் விளக்கு தான் அறியாததைச் சொல்வதாக நம்பப்படுகிறது. அழுத்தும்போது மட்டும் எரியும் விளையாட்டுப் பொத்தான், விரலுக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறது. அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை, அழகாகவும் இருக்கலாம். ஆனால் ‘விளக்கு எரிந்தது, ஆகவே வேலை நடந்தது’ என்ற பழக்கத்தைக் கண்ணுக்கு ஊட்டுகிறது. அந்தப் பழக்கம் மோட்டார் அறை வரை நம்மோடு வரும்.

கண்காட்சிக்கு ஒளிப் பொத்தான் செய்ய விரும்பும் மாணவர்கள் 5 வோல்ட்டில், மூன்றாவது வழியில் செய்யட்டும். பத்து நிமிடங்களில் முடியும் ஒரு சோதனையையும் பார்வையாளர்களுக்குச் செய்து காட்டலாம். இரண்டு பொத்தான்களை அருகருகே வையுங்கள். ஒன்றின் விளக்கு சுவிட்சு வழியாக எரியட்டும். மற்றதன் விளக்கு கணினியின் ஆணையால் எரியட்டும். பிறகு, இரண்டு சுவிட்சுகளிலிருந்தும் கணினிக்குச் செல்லும் கம்பிகளைக் கழற்றிவிட்டு, பார்வையாளரை அழுத்தச் சொல்லுங்கள். முதல் விளக்கு வழக்கம் போல் எரியும், இரண்டாவது எரியாது. எது பழுதான பொத்தான் என்று கேளுங்கள். பெரும்பாலோர் எரியாததையே காட்டுவர். கம்பி அறுந்ததை மறைக்காமல் காட்டிய பொத்தான் அதுவே என்று அவர்களுக்கு விளக்குவது உங்கள் வேலை.